அப்பாவின் கிண்டிலுக்குத் தினமும் ஒரு நாளிதழ்

கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அப்பாவுக்குப் போன் திரை கூசியது. கிண்டில் என்ற மின்னூல் வாசிப்புக் கருவியில் அவருக்கு நாளிதழ் வரவழைக்கத்தான் கணினியில் காலிபரை நிறுவினேன். கோவித் கோயல் 2006-இல் தொடங்கிய, மின்னூல்களைக் கையாளும் கட்டற்ற மென்பொருள், காசு கிடையாது. செய்திப் பகுதியில் ‘தி இந்து’வைத் தேர்ந்தெடுத்து, காலை 5.30 என்று நேரம் குறித்தேன். மின்னஞ்சல் விவரங்களை ஒருமுறை கொடுத்தால் போதும், இதழ் தானாகக் கிண்டிலுக்குப் போய்விடுகிறது. பக்கத்துக்குப் பதினோரு வரி வருகிற அளவுக்கு எழுத்தைப் பெரிதாக்கி, அப்பா தலையங்கத்தை முழுதாக வாசிக்கிறார். விளம்பரத் தொல்லை இல்லை.

ஆனால் அந்த நேரத்தில் கணினியில் காலிபர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பழைய மடிக்கணினியை இதற்கென்றே ஒதுக்கிவிட்டேன். இன்னொரு நாளிதழ் தன் தளத்தை மாற்றியபோது இரண்டு நாள் வெறும் தலைப்புகள்தான் வந்தன. தளத்திலிருந்து செய்திகளை எடுக்கும் சிறு நிரலான ‘ரெசிபி’யை யாரோ தன்னார்வலர் திருத்தியதும் சரியாகிவிட்டது. அவருக்கு நன்றி. காலிபருக்கு நன்கொடையும் அனுப்பிவிட்டேன்.