கிரியேட்டினினா, சிஸ்டாட்டின் சி-யா? கிட்னிக்கு எதை நம்புறது

எங்க அம்மாச்சிக்கு 75 வயசு, கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறும், அவ்ளோ மெலிஞ்சுட்டாங்க. ரிப்போர்ட்ல கிரியேட்டினின் 1.0, பக்கத்துல எந்தக் குறியும் இல்ல, நார்மல்னு ஃபைல மூடி வெச்சுட்டோம். ஆனா அதே 1.0 ஒரு 25 வயசுப் பையனுக்கு வந்தா இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி வடிகட்டுற வேகம், 107 கிட்ட வரும், அம்மாச்சிக்கு 2021 சிகேடி-எபி ஃபார்முலால (வயசு, ஆணா பொண்ணான்னு பாத்து இஜிஎஃப்ஆர் கணக்குப் போடுறது) போட்டா 59 தான் வருது!

கிரியேட்டினின் தசையில இருந்து வர்ற கழிவுங்க. தசை கம்மின்னா அது உண்டாகுறதே கம்மி, அதனால கிட்னி பாதி படுத்துட்டாலும் நம்பர் நல்லாத்தான் தெரியும். ஜிம் போற பசங்களுக்கு நேர் எதிர், கிட்னி நல்லா இருக்கும், ரிப்போர்ட் பயமுறுத்தும். ட்ரைமெத்தோப்ரிம்ங்கிற ஆன்டிபயாட்டிக் மாதிரி சில மாத்திரையும் கிட்னிக்கு ஒண்ணும் ஆகாமலே நம்பரை ஏத்திவிட்ரும்.

சிஸ்டாட்டின் சி ஒரு சின்ன புரோட்டீன், உடம்புல கிட்டத்தட்ட எல்லா செல்லும் அதை உண்டாக்கும், அதனால தசை கூடுது குறையுது, கறி சாப்பிட்டோம் சாப்பிடல, இதெல்லாம் பெருசா பாதிக்காது. அம்மாச்சிக்கு டாக்டர் இதையும் எழுதிக் கொடுத்தாரு, 1.4 வந்துச்சு, அதை வெச்சு கணக்குப் போட்டா இஜிஎஃப்ஆர் 44. உடனே சுகர் மாத்திரை மெட்ஃபார்மின் டோஸைக் குறைச்சாரு, மூட்டுவலிக்கு அவங்களா வாங்கிப் போட்டுக்கிட்டிருந்த டைக்ளோஃபெனாக்கை, அது கிட்னியைக் கெடுக்கும்னு அன்னைக்கே நிறுத்தச் சொல்லிட்டாரு. அந்த மாத்திரைய நினைச்சா எனக்கு இன்னும் நெஞ்சு பதறுது.

அதுக்காக சிஸ்டாட்டின் மட்டும் போதும்னு சொல்லமாட்டேன். ஸ்டீராய்டு எடுக்கறவங்க, தைராய்டு கூடுதலா சுரக்கறவங்க, ரொம்ப குண்டா இருக்கறவங்க, சிகரெட் பிடிக்கறவங்களுக்கு அது கிட்னி காரணம் இல்லாமலே ஏறும், தைராய்டு கம்மியா இருந்தா இறங்கும். விலையும் ஜாஸ்தி.

ரிப்போர்ட்ல கூடவே வர்ற யூரியாவை, அதுவும் கிட்னி வெளியேத்துற ஒரு கழிவுதான், தனியா வெச்சு முடிவு பண்ணவே பண்ணாதீங்க, தண்ணி குடிக்காம இருந்தாலே ஏறிடும்.

என்னைக் கேட்டா வயசானவங்க, மெலிஞ்சவங்க, கட்டுமஸ்தா இருக்கறவங்க மூணு பேருக்கும் ரெண்டையும் எடுத்து சேர்த்துப் போடுற ஃபார்முலாதான் சரி, கூடவே யூரின்ல ஆல்புமின்ங்கிற புரோட்டீனும் போகுதான்னு பாருங்க, அது ரத்தத்துல தெரியாத சேதத்தைக் காட்டும். ஒரு தடவை குறைஞ்சாலே நாள்பட்ட கிட்னி நோய்னு சொல்லமாட்டாங்க, 3 மாசமாவது அப்படியே இருக்கணும், அதனால அம்மாச்சிக்கு மறுபடி ரத்தம் எடுக்கப் போறோம், முந்தின நாள் கறிக்குழம்பு மட்டும் வேண்டாம்னு சொல்லி வெச்சிருக்கோம்.