சுங்கை சிப்புட்டில் ஆண் மார்பு வீக்கத்துக்கு என்ன கிடைக்கிறது: இறுக்குப் பனியன், களிம்பு, மாத்திரை, கிளினிக்

மார் பெருத்த ஆண்களுக்கென்று மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள இந்த ஊரின் பசார் மாலம் என்ற இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படும் பொருள்களில், சொன்ன வேலையைச் செய்வது இறுக்குப் பனியன் ஒன்றுதான். அதுவும் சட்டைக்குள் மறைக்கிற வேலையை மட்டும். களிம்புக்குக் கொடுக்கும் காசு வீண். மாத்திரை வீணோடு நிற்பதில்லை, கெடுதலும் செய்யலாம். மைகார்ட் அடையாள அட்டையோடு அரசாங்க கிளினிக்குக்குப் போனால் 1 வெள்ளிக்கு, அதாவது 1 ரிங்கிட்டுக்கு, கிடைக்கும் பரிசோதனைதான் இவற்றில் முதலிடம் பெறுகிறது. வீக்கம் ஏன் வந்தது என்று தேடுவது அந்த ஒன்றுதான்.

எதையும் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, ஒரு கையைத் தலைக்குப் பின்னால் வையுங்கள். மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பின் இரு ஓரங்களில் வைத்து, காம்பை நோக்கி மெல்லக் கூட்டிக்கொண்டே வாருங்கள். காம்புக்கு நேர் கீழே ரப்பர் வில்லை போல வட்டமாக, சற்று நகரக்கூடியதாக ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பித் திசு. மருத்துவர்கள் கைனகோமாஸ்டியா என்பது இதைத்தான். விரல்கள் தடையில்லாமல் காம்புவரை சேர்ந்துவிட்டால் வெறும் கொழுப்பு. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். கொழுப்பென்றால் எடை குறையக் குறைய அதுவும் குறையும். சுரப்பியென்றால் எத்தனை தண்டால் எடுத்தாலும் கரையாது. அடியிலுள்ள தசை பெருத்து, அதை இன்னும் முன்னே தள்ளிக் காட்டவும் கூடும்.

கட்டி காம்புக்கு நேர் கீழே இல்லாமல் ஒதுங்கி, கல்லைப் போல் கெட்டியாக, ஒரு பக்கம் மட்டும் இருந்தால். காம்பு உள்ளே இழுத்திருந்தால் அல்லது ரத்தம் கசிந்தால். தோல் குழிந்தோ புண்ணாகியோ இருந்தால். அக்குளில் கட்டி தட்டுப்பட்டால். இவற்றில் ஒன்று இருந்தாலும் மற்றதையெல்லாம் பிறகு படிக்கலாம், முதலில் டாக்டரிடம் போங்கள். மார்பகப் புற்றுநோய் ஆண்களுக்கும் வரும். மொத்த மார்பகப் புற்றுநோயில் ஆண்களுக்கு வருவது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவுதான். ஆனால் ஆண்கள் பெரும்பாலும் முற்றிய பிறகே வந்து காட்டுகிறார்கள்.

இனி பனியன். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்த துணிதான் பிடிப்பைத் தரும். பருத்தி கூடுதலாக உள்ளது சில வாரங்களில் தொளதொளத்துவிடும். முன்பக்கம் இரட்டைத் துணியும் முதுகில் வலைத்துணியும் உள்ளதைப் பாருங்கள். கீழ் விளிம்பு இடுப்புவரை இறங்க வேண்டும். குட்டையாக இருந்தால் உட்காரும்போதெல்லாம் வயிற்றில் சுருண்டு ஏறி, சட்டைக்கு மேலேயே கயிறு கட்டியதுபோல் தெரியும். ஜிப் வைத்தது போட எளிது, ஆனால் முதலில் கெடுவதும் அந்த ஜிப்தான். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் பளிச்சென்று தெரியும். சாம்பல் நிறமோ தோலின் நிறமோ தெரியாது.

அளவு எடுக்கும்போது எஸ், எம், எல் எழுத்துகளை நம்ப வேண்டாம். காம்பு மட்டத்தில் அளவு நாடாவைச் சுற்றி, சாதாரணமாக மூச்சை விட்ட நிலையில் சென்டிமீட்டரில் எடுத்து, விற்பவரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால் பெரியதையே எடுங்கள். நன்றாக இறுக்கட்டும் என்று சின்னதை வாங்குவதுதான் அதிகம் நடக்கும் தவறு. மூச்சு முழுதாக இழுக்க முடியாமல் போவதும், சாப்பிட்டதும் நெஞ்சில் புளிப்பு ஏறுவதும், அக்குள் பக்கம் மரத்துப்போவதும் அதனால்தான். தொடர்ச்சியாக எட்டு மணி நேரத்துக்கு மேல் போட வேண்டாம். தூங்கும்போது கழற்றிவிடுங்கள்.

நம் வெயிலில் இன்னொரு தொல்லை வேர்வை. செம்பனைக் குலை வெட்டுபவரும், காலையிலேயே ரப்பர் பால் வெட்டப் போகிறவரும் வேலை நேரத்தில் இதைப் போடுவது சரிவராது. மார்புக்குக் கீழ் மடிப்பில் ஈரம் தங்கி, சில நாளில் சிவந்து அரிக்கும் படை வரும். படை வந்த இடத்தில் பனியனை மறுபடி ஏற்றினால் ஆறாது. இரண்டு பனியனை மாற்றி மாற்றிப் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். டிரையரில் போட்டால் ஸ்பான்டெக்ஸ் செத்துவிடும். வேர்க்க வேர்க்கக் கொழுப்பு கரையும், தொடர்ந்து போட்டால் மார்பு சின்னதாகும் என்று பெட்டியில் எழுதியிருப்பது பொய். கழற்றினால் மார்பு பழையபடியே இருக்கும். அறுவைக்குப் பிறகு டாக்டர் சொல்லிச் சில வாரம் போடுவது வேறு. அங்கே அது நீர் கோக்காமல் தடுக்கப் பயன்படுகிறது.

களிம்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மிளகாய்ச் சத்தும் கற்பூரமும் புதினா உப்பும் தோலைச் சூடாக்கிக் காட்டும், அவ்வளவுதான். கடையில் விற்கும் எந்தக் களிம்பும் சுரப்பியைக் கரைக்காது.

மாத்திரைகளிடம்தான் எச்சரிக்கை தேவை. மலேசியாவில் சட்டப்படி விற்கும் மருந்துக்கு எம்.ஏ.எல். எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணும், பெட்டியில் ஹாலோகிராம் ஒட்டும் இருக்க வேண்டும். எண்ணின் கடைசியில் டி (T) எழுத்து இருந்தால் அது பாரம்பரிய மருந்து. தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ.யின் குவெஸ்ட் 3 பிளஸ் தளத்தில் அந்த எண்ணைத் தட்டிப் பாருங்கள், பெயர் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனாலும் அது தரத்துக்கும் பாதுகாப்புக்குமான பதிவுதான், மார்பு குறையும் என்பதற்கான சான்று ஆகாது. எண்ணே இல்லாத ஜாமு என்ற மூலிகை மருந்திலும் கலவை மருந்துகளிலும் டெக்சாமெதசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததை அந்த நிறுவனம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. அது முகத்தையும் உடம்பையும் உப்ப வைக்கும், சர்க்கரையை ஏற்றும். வீட்டுக்கு வீடு நீரிழிவு இருக்கும் ஊரில் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

தசை வளர்க்க ஜிம்மில் கைமாறும் ஊசியும் மாத்திரையும் மார்பு வீக்கத்துக்கு நேரடிக் காரணமே. வெளியிலிருந்து வரும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அரோமட்டேஸ் என்ற என்சைம் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஆண் ஹார்மோனுக்கும் பெண் ஹார்மோனுக்கும் உள்ள விகிதம் சாய்ந்தால் மார்புச் சுரப்பி வளரும். மற்ற காரணங்கள் பெரும்பாலும் இந்த விகிதத்தைத்தான் வெவ்வேறு வழியில் சாய்க்கின்றன. அரோமட்டேஸ் கொழுப்புத் திசுவில் நிறைய உண்டு, அதனால் உடல் பருமனும் காரணமாகிறது.

இனி, கிளினிக்கில் தேட வேண்டியவை. முதலில் மருந்துகள். இதயச் செயலிழப்புக்கும் கல்லீரல் நோயில் உடம்பில் சேரும் நீருக்கும் தரும் ஸ்பைரோனோலாக்டோன் இதில் பேர்போனது. 1999-இல் வெளியான ரேல்ஸ் என்ற இதயச் செயலிழப்பு ஆய்வில் அதைச் சாப்பிட்ட ஆண்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மார்பு வீக்கமோ வலியோ வந்தது, ஒப்பிடக் கொடுத்த, மருந்தில்லாத போலி மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான். முடி உதிர்வுக்கும் புரோஸ்டேட்டுக்கும் தரும் பினாஸ்டிரைடு, மனநோய்க்கான ரிஸ்பெரிடோன், பூஞ்சைக்கான கீட்டோகோனசோல் மாத்திரை, வயிற்றுப் புண்ணுக்கான சிமெட்டிடின் ஆகியவையும் பட்டியலில் உண்டு. சந்தேகம் வந்தது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். இதய மருந்தைத் திடீரென்று விட்டால் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் படுக்க நேரலாம். டாக்டர் மாற்று மருந்து தருவார். ஸ்பைரோனோலாக்டோனுக்கு எப்லரினோன் உண்டு.

அடுத்தது ஈரல். தோட்டப்புறத்தில் சம்சு என்ற மலிவுச் சாராயம் எத்தனை குடும்பங்களைத் தின்றது என்பது எல்லாருக்கும் தெரியும். அது மார்பிலும் காட்டும் என்பதுதான் பலருக்குத் தெரியாது. சாராயம் விதைகளை நேரடியாகத் தாக்கி ஆண் ஹார்மோனைக் குறைக்கிறது. ஈரல் சுருங்கிய பிறகு ஹார்மோன் சமநிலை மேலும் கெடுகிறது. உள்ளங்கை சிவப்பு, மார்பிலும் தோளிலும் சிலந்திக்கால் போன்ற ரத்தக் கோடுகள், கால் வீக்கம் ஆகியவை கூட இருந்தால் மார்பைவிட ஈரலே அவசரம். டயாலிசிஸ் செய்யும் சிறுநீரக நோயாளிகளுக்கும், தைராய்டு அதிகம் சுரப்பவர்களுக்கும் மார்பு பெருக்கும். விதைப்பைக் கட்டியும் காரணமாகலாம். ஆகவே டாக்டர் விதைப்பையைப் பார்க்காமல் விட்டால், பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டிய இடம் அது அல்ல. விதைகள் சின்னதாகவும் கெட்டியாகவும் இருந்தால் பிறவியிலேயே ஓர் எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக உள்ள கிளைன்ஃபெல்டர் நிலையையும் யோசிப்பார்கள். அதில் மார்பகப் புற்று அபாயமும் கூடுதல்.

படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பையன்களுக்கு வருவது பெரும்பாலும் வளர்ச்சியின் பகுதி. பாதிக்கு மேற்பட்ட பையன்களுக்கு ஏதோ ஓர் அளவில் வந்து, ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தானாக அடங்கும். அவர்களுக்குப் பனியன் வாங்கி மாட்டுவதைவிட, இது நோயல்ல என்று அப்பா ஒரு தடவை சொன்னால் பெரிய உதவி. பருவம் தொடங்குமுன்பே வந்தாலும், பதினேழு வயதுக்குப் பிறகும் நின்றாலும் காட்ட வேண்டும். தௌஹு (டோஃபு), சோயா பால் வழக்கமான அளவில் சாப்பிடுவதால் இது வராது.

கிளினிக்குக்குப் போகும்போது சாப்பிடும் மருந்து, ஊசி, பவுடர் எல்லாவற்றையும் பெட்டியோடு எடுத்துப் போங்கள். கவுண்டரில் கதை சொல்ல வேண்டாம், மலாயில் "டாடா பெங்காக்" (மார்பு வீக்கம்) என்றால் போதும், மீதியை டாக்டரிடம் பேசலாம். ஈரல், சிறுநீரகம், தைராய்டு ரத்தச் சோதனைகள் முதலில். டெஸ்டோஸ்டிரோன், எல்.ஹெச்., ஈஸ்ட்ராடியோல், புரோலாக்டின், பீட்டா ஹெச்.சி.ஜி. ஆகிய ஹார்மோன் சோதனைகள் தேவைப்பட்டால் பிறகு. டெஸ்டோஸ்டிரோனுக்கு ரத்தம் காலையிலேயே எடுக்க வேண்டும், மத்தியானத்தில் அளவு இயல்பாகவே இறங்கியிருக்கும். குறை என்றால் காத்திருப்புதான்: கிளினிக்கில் அரைநாள் போகும், நிபுணரைப் பார்க்க மாதக்கணக்கில் தள்ளிப்போகலாம். தனியார் டாக்டர் அன்றே பார்ப்பார், ஆனால் அவர் கடிதத்தோடு அரசாங்க நிபுணரிடம் போனால் முதல் வருகைக்கு 30 வெள்ளி. அரசாங்க கிளினிக் வழியாகப் போனால் பிறகு வரும் வருகைகளுக்கு 5 வெள்ளிதான்.

காலம் முக்கியம். வீக்கம் புதிதாக, தொட்டால் வலிக்கிற நிலையில் இருக்கும்போது டாக்டர் மேற்பார்வையில் டமோக்சிஃபென் என்ற ஈஸ்ட்ரோஜன் தடுப்பு மருந்தைத் தினம் 10 முதல் 20 மில்லிகிராம் சில மாதம் தந்தால் பலருக்குக் குறைகிறது. ஓராண்டு தாண்டிவிட்டால் திசு நார்த்தன்மை அடைந்து, மருந்து எடுபடாது. அப்புறம் அறுவைதான், அதற்கு ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். காம்பு வட்டத்தின் ஓரமாகக் கீறிச் சுரப்பியை எடுப்பார்கள். கொழுப்பு இருந்தால் குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். ரத்தம் கட்டுவது, நீர் கோப்பது, காம்பு மரத்துப்போவது வரக்கூடிய சிக்கல்கள். காம்புக்கு அடியில் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் தட்டுப்போல் குழி விழும், அதைச் சரிசெய்வது கடினம். ஆகவே கொஞ்சம் விட்டுவைக்கும் டாக்டரைக் குறைகூறாதீர்கள். எடுத்த திசு ஆய்வகத்துக்குப் போகிறதா என்று கேட்டு, முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜிம் ஊசி போடுகிறவர் அதை நிறுத்தாமல் அறுவைக்குப் போனால், மிச்சமிருக்கும் சுரப்பி மறுபடி வளரும்.