மொத்தமாகவா, ஆண்டுதோறுமா? சிட்னியில் முதல் வீட்டுக்கான வரி

சிட்னியில் 12 லட்சம் டாலருக்கு முதல் வீடு வாங்குபவருக்கு 20 சதவீத முன்பணமே 2,40,000 டாலர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அதைச் சேர்த்த பிறகு, முத்திரைத் தீர்வை என்று அரசுக்குக் கட்ட வேண்டிய ஏறத்தாழ 50,000 டாலர் வந்து நிற்கும். ஒரு கதவுக்கோ ஜன்னலுக்கோ உதவாத பணம் அது. அதைச் சேர்ப்பதற்குள் வீட்டின் விலை இன்னொரு படி ஏறியிருக்கும்.

இதற்கு ஒரு மாற்று வழியை டொமினிக் பெரட்டே தலைமையிலான நியூ சவுத் வேல்ஸ் (சிட்னி இருக்கும் மாநிலம்) அரசு 2022 நவம்பரில் சட்டமாக்கியது. 15 லட்சம் டாலர் வரையிலான முதல் வீட்டுக்கு, விரும்பினால் தீர்வையை விட்டுவிட்டு ஆண்டுக்கு 400 டாலரும் நில மதிப்பில் 0.3 சதவீதமும் கட்டலாம். வீட்டு விலையில் அல்ல, நில மதிப்பில் என்பதுதான் இதில் முக்கியம்.

2023 பிப்ரவரியில் வென்ட்வொர்த்வில்லில் என் சமையலறை மேசையில் உட்கார்ந்து தம்பியும் நானும் இந்தக் கணக்கைப் போட்டோம். தலா 12 லட்சம் டாலரில் இரண்டு வீடுகள்: ஒன்று அடுக்குமாடியில், மற்றது தனிவீடு. அடுக்குமாடியில் நிலம் பலருக்கும் பங்கு. அவன் பங்கின் மதிப்பு 3 லட்சம் என்றால் ஆண்டு வரி 1,300 டாலர். 50,000 டாலரை எட்ட சுமார் 38 ஆண்டுகள் ஆகும். தனிவீட்டின் நிலம் 8 லட்சம் என்றால் ஆண்டுக்கு 2,800. பதினெட்டாம் ஆண்டில் எட்டிவிடும். வரி ஆண்டுதோறும் ஏறும் என்பதால் அதற்கும் முன்பே.

அப்படியானால் தனிவீட்டுக்கு இது நஷ்டமா? அவசரப்பட்டுச் சொல்லிவிட முடியாது. கட்டாமல் விட்ட 50,000 வீட்டுக் கடனைக் குறைத்தால், 5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 2,500 டாலர் மிச்சம். வரியின் பெரும்பகுதி அதிலேயே அடைந்துவிடும். "இந்த வீட்டில் எத்தனை வருடம் இருப்போம் என்று யாருக்கு அக்கா தெரியும்?" என்றான் தம்பி. சரியான கேள்வி. பிள்ளை பிறந்து ஆறேழு ஆண்டுகளில் பெரிய வீட்டுக்குப் போகிறவருக்கு ஆண்டு வரியே லாபம். விற்றதும் அந்தப் பொறுப்பு முடிந்துவிடும். அடுத்து வாங்குபவரை அது தொடராது.

ஒரு கண்ணி மட்டும் இருந்தது. முதல் ஃபிளாட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவது நம்மவர்களிடம் வழக்கம். வாடகைக்கு விட்டால் வரி 1,500 டாலரும் நில மதிப்பில் 1.1 சதவீதமும் ஆகிவிடும். அதே ஃபிளாட்டுக்கு 1,300 என்பது 4,800 ஆகும்.

2023 மார்ச் தேர்தலில் ஆட்சி மாறியது. கிறிஸ் மின்ஸ் அரசு ஜூன் 30-உடன் இந்தத் தேர்வை மூடியது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் விற்கும்வரை அதில் தொடரலாம். ஜூலை 1-லிருந்து முதல் வீட்டுக்கு 8 லட்சம் வரை தீர்வையே இல்லை. 10 லட்சம் வரை சலுகை.

8 லட்சத்துக்குள் வாங்குபவருக்கு இதைவிட நல்லது வேறில்லை. 30,000 டாலருக்கு மேல் மிச்சம், ஆண்டு வரியும் கிடையாது. அதைத் தாண்டினால்தான் சிக்கல். 10 லட்சத்தில் முழுத் தீர்வையான சுமார் 40,000-ஐ எட்ட வேண்டும் என்பதால், இடைப்பட்ட ஒவ்வொரு 1,000 டாலருக்கும் சுமார் 200 டாலர் தீர்வை கூடுகிறது. ஏலத்தில் 5,000 ஏற்றிக் கேட்டால் உண்மையில் 6,000 ஏற்றியதாகக் கணக்கு. கை தூக்கும் அவசரத்தில் யாருக்கும் இது நினைவுக்கு வருவதில்லை.

10 லட்சத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை. வெஸ்ட்மீட், துங்காபி பக்கம் பிள்ளைகளோடு தனிவீடு தேடுபவர்களைத்தான் இது நேராகத் தாக்குகிறது. 8 லட்சம் வரை விலக்கு, அதற்கு மேல் 15 லட்சம் வரை விருப்பத் தேர்வு என்று இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கலாம். ஒன்றைக் கொடுக்க இன்னொன்றைப் பறித்தது தவறு என்றே நினைக்கிறேன். கான்பெராவில் 2012 முதல் எல்லோருக்குமே தீர்வையைப் படிப்படியாகக் குறைத்து, ஆண்டு வரியை ஏற்றிவருகிறார்கள்; இருபது ஆண்டுத் திட்டம் அது. சிட்னியில் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்த அந்த விருப்பத் தேர்வுக்கு ஆறு மாதம்கூட முழுதாகக் கிடைக்கவில்லை.

தம்பி அந்த ஜூனுக்குள் வீடு வாங்க முடியவில்லை. இப்போது ஃபிளாட் தேடுகிறான், 8 லட்சத்துக்குள்.