வெளுத்த கிளாடிங், வறண்ட பீடிங்: செராகோட், 303 இரண்டையும் ஒன்பது மாதம் பயன்படுத்திய பிறகு

எங்கள் வீட்டு ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2014-ஆம் ஆண்டு வண்டி. தூத்துக்குடியில், கூரையில்லாத வெளியில்தான் அது ஆண்டு முழுவதும் நிற்கிறது. பெயின்ட் இன்றும் பளபளப்பாகவே இருக்கிறது. ஆனால் நான்கு பக்கமும் கீழ்ப்பகுதியைச் சுற்றி ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக் கிளாடிங்கும், முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர்கள் அமர்ந்திருக்கும் பட்டையும் வெளுத்து, அடுப்புச் சாம்பலின் நிறத்துக்கு வந்துவிட்டன. கதவு ஓரங்களில் ஓடும் ரப்பர் பட்டைகளான பீடிங்குகள் வறண்டு, கதவைத் திறக்கும்போது கிரீச்சிட்டன. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்து, மறைமலைநகர் ஆலையிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் 2022 ஜூலையில் வெளிவந்த பிறகு, வண்டியில் இருக்கும் பாகங்களை இருக்கிறபடியே காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வலுவாக வந்தது. அதற்காக வாங்கிய இரண்டு பொருள்களைப் பற்றியது இந்த மதிப்புரை. ஒன்று, கிளாடிங்குக்காக வாங்கிய செராகோட் செராமிக் டிரிம் கோட். மற்றொன்று, ரப்பருக்காக வாங்கிய 303 புரொடெக்டன்ட்.

அவற்றுக்கு முன் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முதலில் நான் போனது எங்கள் பகுதியில் உள்ள ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்துக்கு. ‘டிரிம் பாலிஷ்’ என்று சொல்லி, பிசுபிசுப்பான ஒரு திரவத்தைக் கிளாடிங் முழுவதும் தேய்த்தார்கள். வண்டி வெளியே வந்தபோது கருகருவென்று மின்னியது. இரண்டு நாளில் உப்பளப் பக்கமிருந்து வரும் புழுதி முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டது. முதல் மழையில் எண்ணெய் கரைந்து, வெள்ளைப் பெயின்டின் மேல் பழுப்புக் கோடுகளாக வழிந்தது. மூன்றாம் வாரம் பழைய சாம்பல் நிறமே திரும்பியது, அதுவும் திட்டுத் திட்டாக.

ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் எந்தப் பொருளையும் எடைபோட முடியும். கிளாடிங் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் வகைப் பிளாஸ்டிக். அதற்குக் கறுப்பு நிறம் தருவது கார்பன் பிளாக் என்னும் கரித்தூள். வெயிலின் புற ஊதாக் கதிர் பிளாஸ்டிக்கின் மேல்தோலில் உள்ள நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைத் துண்டு துண்டாக அறுக்கிறது. மேற்பரப்பு பொடிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. அவற்றில் பட்ட ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறுவதால்தான் நமக்கு வெளுப்பாகத் தெரிகிறது. உள்ளே கறுப்பு அப்படியே இருக்கிறது. காய்ந்த அம்மிக்கல் சாம்பலாகவும், தண்ணீர் தெளித்ததும் கன்னங்கரேலென்றும் தெரிவதற்குக் காரணம் எதுவோ, அதுவேதான் இங்கும். எண்ணெய் எதைத் தேய்த்தாலும் அந்த வெடிப்புகள் நிரம்பி நிறம் திரும்பியது போலத் தோன்றும். எண்ணெய் போனதும் தோற்றமும் போய்விடும். ஆகவே வெளுத்துப்போனதை மீட்பது ஒரு வேலை, வெளுக்காமல் காப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே புட்டியில் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பொருள்களிடம்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

செராகோட் இவற்றுள் முதல் வேலைக்கானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தைச் சேர்ந்த என்ஐசி இண்டஸ்ட்ரீஸ் தயாரிக்கும் இது, துப்பாக்கிகளின் உலோகப் பாகங்களுக்கான பூச்சால் முதலில் பெயர் பெற்றது. டிரிம் கோட் என்பது திரவத்தில் ஊறிய சிறு துணிகளாக, தனித்தனி உறைகளில் வருகிறது. துணியால் தடவியதும் திரவம் வெடிப்புகளுக்குள் இறங்கி, காற்றில் உலர்ந்து கெட்டியான தெளிந்த படலமாக மாறுகிறது. இது எண்ணெயைப் போலக் கழுவினால் போகாது. 200 முறை கழுவும் வரை நிலைக்கும் என்று நிறுவனம் உறுதி கூறுகிறது.

ஆனால் உறையைப் பிரிக்கும் முன் செய்ய வேண்டிய வேலையில்தான் முக்கால் பங்கு வெற்றி இருக்கிறது. வெளுப்பு என்று நாம் நினைப்பதெல்லாம் வெளுப்பே அல்ல. எங்கள் ஊரின் கடினமான போர் தண்ணீர் காயும்போது விட்டுச் செல்லும் சுண்ணாம்புப் படிவும், பெயின்டுக்குப் பாலிஷ் போடும்போது கிளாடிங்கின் சொரசொரப்பில் சிக்கிக்கொண்ட மெழுகும் அதே சாம்பல் நிறத்தில்தான் தெரியும். பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த துணியால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்த்தேன். பின்பக்கச் சக்கர வளைவில் வெளுப்பின் ஒரு பகுதி அதிலேயே அகன்றுவிட்டது. மெழுகுத் தடங்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயன்படுத்தும் அழிரப்பராலேயே எடுக்க முடிந்தது. அதன் பிறகு கார் ஷாம்பும் பழைய பல்துலக்கும் பிரஷுமாக, நுரை பழுப்பாக வருவது நின்று வெள்ளையாக வரும் வரை தேய்த்தேன். அந்தச் சர்வீஸ் நிலையம் பூசிய எண்ணெயின் மிச்சத்தை எடுக்க மட்டும் மூன்று சுற்றுகள் வேண்டியிருந்தன. இறுதியாக மருந்துக் கடையில் வாங்கிய ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, ஓர் இரவு முழுவதும் உலர விட்டேன். எண்ணெயோ ஈரமோ மிச்சமிருந்தால் படலம் பிடிக்காது என்பதால், இந்த இடத்தில் அவசரப்படவே கூடாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன், கிளாடிங் கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போது தொடங்கினேன். கையுறை கட்டாயம், காற்றோட்டமான இடமும் வேண்டும், ஏனெனில் கரைப்பானின் நெடி கடுமையானது, தீப்பற்றக்கூடியதும்கூட. பெயின்ட் ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டேன். இந்தத் திரவம் பெயின்டிலோ கண்ணாடியிலோ பட்டுக் காய்ந்துவிட்டால் எடுப்பது பெரும்பாடு என்பதால், டேப் ஒட்டச் செலவான அரை மணி நேரத்தை நான் வீணாகக் கருதவில்லை. துணியை ஒரே திசையில், ஒரு பாகத்தை முழுவதும் முடித்துவிட்டு அடுத்ததற்கு நகரும்படி தடவ வேண்டும். பாதியில் நிறுத்திவிட்டு மீண்டும் தொட்டால், தொட்ட இடம் கோடாகத் தெரியும். இடப்பக்க முன் கதவின் கீழே எனக்கு அப்படி ஒரு கோடு விழுந்தது. தொலைபேசி அழைப்புக்காக நான் எழுந்து போனதன் விளைவு அது. உறையைத் திறந்ததும் துணி உலரத் தொடங்கிவிடுவதால், ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் திறந்தேன். பின்னர் ஒரு நாள் முழுவதும் வண்டியின் மேல் ஒரு சொட்டு நீரும் படவில்லை.

பலனைப் பார்த்தபோது மனம் நிறைந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. புது வண்டியின் கறுப்புக்கு மிக அருகில், எண்ணெய் மினுக்கம் இல்லாமல், இலேசான பளபளப்புடன் கிளாடிங் மீண்டது. கையால் தடவினால் பிசுபிசுப்பில்லை, புழுதி ஒட்டவில்லை. வைப்பர் பட்டைதான் மிகவும் நலிந்திருந்தது. நேரே மேல்நோக்கிப் படுத்திருப்பதால் வெயில் முழுவதையும் வாங்குவது அதுவே. அதற்கு இரண்டாவது கையும் பூசினேன். அப்படியும் கதவுக் கிளாடிங்கின் கறுப்பு அதற்கு வரவில்லை, வரும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. பொடிந்து உதிர்ந்துவிட்ட மேல்தோலை எந்தத் திரவமும் திருப்பித் தராது. ஆகஸ்டில் பூசினேன். வாரம் ஒரு முறை வீதம் ஏறத்தாழ 40 முறை கழுவியாயிற்று. வடகிழக்குப் பருவமழை போய், கத்திரி வெயிலும் வந்துவிட்டது. கதவுப் பக்கங்களில் மாற்றமே இல்லை. தண்ணீர் இன்றும் முத்து முத்தாக உருண்டு விழுகிறது.

வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் பிளாஸ்டிக்கைச் சூடாக்கி நிறத்தை மீட்கும் முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். சூட்டில் மேற்பரப்பு இளகி வெடிப்புகள் மூடிக்கொள்வதால் உடனடியாகக் கறுப்பு வருவது உண்மையே. ஆனால் கிளாடிங்கின் மணல் போன்ற சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிடும் ஆபத்தும், பக்கத்துப் பெயின்ட் கொப்பளிக்கும் ஆபத்தும் உண்டு. அதன் பிறகும் பாதுகாப்பு எதுவும் இல்லை. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ரப்பரின் கதை வேறு. கதவு பீடிங்குகள் பெரும்பாலும் இபிடிஎம் என்னும் செயற்கை ரப்பரால் ஆனவை. வெயிலையும் ஓசோனையும் நன்றாகத் தாங்கக்கூடிய இந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய்களைத் தாங்காது. டீசல், கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி ஆகியவை பட்டால் உப்பி, மென்மையாகி, வடிவம் கெடும். கதவு கிரீச்சிடுகிறது என்று பீடிங்கில் கிரீஸ் தடவும் வழக்கத்தை ஒர்க்‌ஷாப்களில் நானே பார்த்திருக்கிறேன். சத்தம் நிற்கும், ஒரு மழைக்காலம் கழித்து வண்டிக்குள் தண்ணீர் கசியும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். அது புழுதியைச் சேர்த்துச் சேறாக்கிவிடும். திறந்து மூடும்போதெல்லாம் நசுங்கி விரியும் பீடிங்கில் செராகோட் போன்ற கெட்டிப் படலமும் பொருந்தாது என்பது என் கருத்து.

இங்கேதான் 303 தன் மதிப்பைக் காட்டுகிறது. பாலைப் போன்ற, நீரை அடிப்படையாகக் கொண்ட இந்தத் திரவத்தில் பெட்ரோலியக் கரைப்பான்கள் இல்லை. புற ஊதாக் கதிரைத் தடுப்பதே இதன் முதல் நோக்கம். பீடிங்குகளை ஈரத்துணியால் துடைத்து உலரவிட்டு, 303-ஐத் துணியில் தெளித்துத் தடவி, உடனே வேறொரு காய்ந்த துணியால் முழுவதும் துடைத்தெடுக்க வேண்டும். பலர் தானாகக் காயட்டும் என்று விட்டுவிடுகிறார்கள்; அப்படி விட்டால் வெண்மையான கோடுகள் படியும். துடைத்த பிறகு ரப்பர் எந்தப் பூச்சும் இல்லாதது போல மங்கலான கறுப்பில் இருக்கும். பளபளப்பை எதிர்பார்ப்பவர்களுக்கு இது பிடிக்காது. எனக்கு அதுவே பிடித்தது. இரண்டாம் மாதத்தில் கிரீச் சத்தம் நின்றது, பீடிங்குகள் கதவோடு ஒட்டிக்கொள்வதும் குறைந்தது.

இதன் குறை என்று சொல்வதானால், அது இதன் இயல்பிலேயே உள்ளது: நீடித்து நிற்காது. நம் வெயிலில் மாதம் ஒரு முறை பூசியே ஆக வேண்டும். வெளுத்துப்போன பிளாஸ்டிக்கை மீட்கவும் இதனால் முடியாது. ஆனால் பயன்பாடு மிகக் குறைவு. நான்கு கதவுகளுக்கும் டிக்கிக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிட வேலைதான். 473 மில்லி பாட்டிலில் ஒன்பது மாதத்துக்குப் பிறகும் பாதிக்கு மேல் இருக்கிறது. டயரின் தரையைத் தொடும் பகுதியிலும் பெடல்களிலும் ஸ்டீயரிங்கிலும் இதைத் தடவவே கூடாது, வழுக்கும். வைப்பர் ரப்பரிலும் தடவ வேண்டாம், கண்ணாடியில் மங்கல் படரும். கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்துக்கு நான் உலர் சிலிக்கான் ஸ்ப்ரேயைத் தனியே பயன்படுத்துகிறேன். ஆனால் வண்டிக்கு விரைவில் பெயின்ட் வேலை இருந்தால், சிலிக்கான் எதையும் அருகில் கொண்டு போகாமலிருப்பது நல்லது. புதுப் பெயின்டில் சிறு சிறு குழிகள் விழும்.

இரண்டுமே சாதாரண டயர் பாலிஷைவிடப் பல மடங்கு விலை உயர்ந்தவை, இரண்டுமே எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்கவில்லை, இணையத்தில்தான் வாங்கினேன். செராகோட் பெட்டியில் மிஞ்சிய உறைகள் அடுத்த முறை வைப்பர் பட்டைக்கு உதவும் என்று பத்திரப்படுத்தியிருக்கிறேன். என் தங்கை சென்ற மாதம் புது வண்டி எடுத்தபோது, 303-இல் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, பீடிங்குக்கும் கிளாடிங்குக்கும் முதல் மாதத்திலிருந்தே தடவச் சொல்லியிருக்கிறேன். அவள் வண்டியின் கறுப்பு இன்னும் முழுதாக இருக்கிறது. செராகோட் உறை எதையும் அவளுக்கு நான் கொடுக்கவில்லை.