போக்கரில் கார்ட் காட்டும் விதிகள்: எங்கள் வெள்ளவத்தை மேசையில் பல வருட அனுபவம்

வெள்ளவத்தையில் நண்பர் ஒருவர் வீட்டில் சனி இரவுகளில் கூடி டெக்சஸ் ஹோல்டம் விளையாடுகிறோம் (ஆளுக்கு இரண்டு கார்ட் கையில், ஐந்து கார்ட் எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விரியும் போக்கர்). காசு வைப்பதில்லை, வெறும் சிப்ஸ்தான். ஆனாலும் யார் முதலில் திறப்பது, யார் மறைத்தது என்று முகம் கோணாமல் ஒரு இரவும் முடிந்ததில்லை. அதனால்தான் 2001இல் தொடங்கிய, போக்கர் போட்டி நடத்துபவர்களின் அமைப்பான டூர்னமென்ட் டைரக்டர்ஸ் அசோசியேஷனின் விதிகளை இணையத்தில் எடுத்து (இலவசம்தான்), ஷோடவுன் (கடைசியில் கார்டைத் திறந்து யார் வென்றது என்று பார்க்கும் கட்டம்) பகுதியை மட்டும் அச்சடித்து மேசையில் வைத்தோம். பல வருடம் அதன்படி விளையாடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

திறக்கும் வரிசை சுலபம். ரிவரில் (ஐந்தாவது பொதுக் கார்ட் விழுந்தபின் வரும் கடைசிச் சுற்றில்) கடைசியாக பெட் (சிப்ஸ் வைப்பது) அல்லது ரேஸ் (அதைக் கூட்டுவது) செய்தவர் முதலில் திறக்க வேண்டும். ரிவரில் எல்லோரும் செக் (எதுவும் வைக்காமல் விடுவது) என்றால், டீலர் பட்டனுக்கு (கார்ட் போடுபவரின் இடத்தைக் காட்டும் வில்லை) இடப்பக்கமாக எண்ணி, இன்னும் ஆட்டத்தில் இருக்கும் முதல் ஆள். டர்னில் (நான்காவது பொதுக் கார்டுக்குப் பின்) யார் பெட் அடித்தார் என்பது இங்கே கணக்கில்லை. புதிதாக வருபவர்கள் குழம்புவது இந்த இடத்தில்தான்.

எங்களுக்கு உண்மையில் உதவிய விதி வேறு. வாயால் சொல்வது செல்லாது, மேசையில் திறந்து கிடக்கும் கார்டுக்குத்தான் மதிப்பு. விதி வருவதற்கு முன் ஒரு நாள் ஒருவர் "ஃப்ளஷ்" (ஐந்து கார்டும் ஒரே சின்னம்) என்று சொல்ல, எதிரில் இருந்தவர் தன்னுடைய இரண்டு ஜோடியை அப்படியே கவிழ்த்து மக்குக்குள் (கழித்த கார்டுகளின் குவியல்) தள்ளிவிட்டார். பிறகு பார்த்தால் சொன்னவரிடம் நான்கு ஆட்டின்தான் இருந்தது, ஐந்தாவது டைமன். அவர் வேண்டுமென்று சொல்லவில்லை, அவசரத்தில் சரியாகப் பார்க்கவில்லை, ஆனால் மற்றவரின் கார்ட் போனது போனதுதான். ஆகவே எதிராளியின் இரண்டு கார்டும் முகம் தெரிய விழும்வரை உங்கள் கார்டை விடாதீர்கள். பொட்டை (நடுவில் சேர்ந்த சிப்ஸ்) எடுக்க இரண்டையும் திறக்கத்தான் வேண்டும், போர்டில் இருக்கும் ஐந்து கார்டும்தான் உங்கள் கை என்றாலும் சரி.

மற்றவரின் கார்டைக் காட்டச் சொல்லிக் கேட்பது பற்றி இரண்டு மரபுகள் உண்டு. பாப் சியாஃபோன் தொகுத்த ராபர்ட்ஸ் ரூல்ஸ் ஆஃப் போக்கர், ஷோடவுனுக்கு வந்த எந்தக் கையையும் அந்த ஆட்டத்தில் கார்ட் வாங்கிய யாரும் பார்க்கக் கேட்கலாம் என்கிறது, கூடவே இந்தச் சலுகையை அளவுமீறிப் பயன்படுத்தினால் பறிக்கலாம் என்றும் சொல்கிறது. அதில் ஒரு பொறியும் இருக்கிறது. பொட்டை வென்றவரே கேட்டால், தோற்றவரின் கை மறுபடி உயிர் பெறும், அது பெரிதாக இருந்தால் பொட் கைமாறும். அசோசியேஷன் விதி இன்னும் இறுக்கம். ரிவரில் கோல் செய்தவர் (பெட்டுக்குச் சமமாக வைத்தவர்), தன் கார்ட் கையில் இருந்தால், பெட் செய்தவரின் கையைக் கட்டாயம் பார்க்கலாம். கார்டை வீசியவருக்கு அந்த உரிமை இல்லை. எனக்கு இதுதான் நியாயமாகப் படுகிறது, விலை கொடுத்தவர்தானே பார்க்க வேண்டும்.

பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் மெதுவாகச் சாய்த்துக் காட்டும் பழக்கத்தை ஒழிக்க அதிக காலம் எடுத்தது. ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும். 304 சீட்டாட்டம் விளையாடி வளர்ந்தவர்களுக்கு இது லேசாக விளங்கியது, கவிழ்த்து வைத்த துரும்பைக் கூட்டாளிக்குக்கூடக் காட்டுவதில்லையே. ஃபோல்ட் செய்த (கார்டைப் போட்டு விலகிய) பிறகும் அந்த ஆட்டம் முடியும்வரை காட்டக்கூடாது, அந்த இரண்டு கார்டும் இனி வராது என்ற தகவலே ஒருவரின் முடிவை மாற்றிவிடும்.

ஓல்-இன் (இருக்கும் சிப்ஸ் முழுவதையும் வைப்பது) ஆகி, இனி பெட்டுக்கு இடமில்லை என்றால் எல்லாக் கையும் உடனே திறக்கப்பட வேண்டும். இது டூர்னமென்ட் விதி, நாங்கள் எப்போதும் பின்பற்றுகிறோம், ஆட்டம் கலகலப்பாகிறது.

விதியில் எழுதாத ஒன்றை மட்டும் நாங்களே சேர்த்தோம். வெல்லும் கை என்று தெரிந்தும் பெருமூச்சு விட்டு, தலையாட்டி, எதிராளியை நம்பவைத்த பிறகு மெல்லத் திறப்பதை நாங்கள் ஏற்பதில்லை. அப்படிச் செய்தவரை அன்றே ஒருவர் கூப்பிட்டு, எல்லோர் முன்னும் இல்லாமல், பல்கனியில் வைத்துச் சொல்லிவிடுவார். பிளஃப் அடித்து (மோசமான கையோடு பெட் செய்து) எல்லோரும் ஃபோல்ட் செய்தபின் கார்டைக் காட்டுவது வேறு விஷயம், அது அவரவர் விருப்பம், காட்டினால் இரண்டையும் மேசை நடுவில் வைத்தால் போதும்.