எழுத உட்காரும் இடம்: ஆறு வருட அனுபவம்

என் முதல் கதையின் முதல் பக்கத்தைத் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த நேரத்தில் எழுதினேன். 2019 ஜூன். ஏரிகள் வறண்டுபோய்ச் சென்னையே குடத்தோடு தெருவில் நின்ற மாதம் அது. வேளச்சேரியில் எங்கள் தெருவுக்கு லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ராத்திரி 11 மணிக்கும் வரும், விடிகாலை 3 மணிக்கும் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து, பையனுடைய பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தேன். லாரி வருவதற்குள் இரண்டு பக்கம் வந்துவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு வருடமாக, ஞாயிறு மதியங்களில் கதவைச் சாத்திக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தும் வராத இரண்டு பக்கம் அது.

அன்றிலிருந்து, எங்கே, எப்போது, எதில் எழுதினால் எனக்குக் கதை வருகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். நான் முழுநேர எழுத்தாளர் கிடையாது. பாரிமுனையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை, வீட்டில் கணவர், பையன், மாமியார். இதற்கு நடுவில் 23 கதைகளை முடித்திருக்கிறேன், அவற்றில் 14 அச்சில் வந்திருக்கின்றன. ஒவ்வொரு நோட்டின் உள் அட்டையிலும் எந்தத் தேதியில் எங்கே உட்கார்ந்து எத்தனை பக்கம் எழுதினேன் என்று குறித்துவைப்பேன். அந்த அட்டைகளைப் புரட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எல்லாருக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன், ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் எழுத நினைக்கிறவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இதில் எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கும்.

அட்டைக் குறிப்புகளில் முதலிடம் பறக்கும் ரயிலுக்குத்தான், அதாவது சென்னைக்குள் பெரும்பாலும் மேம்பாலப் பாதையில் ஓடும் உள்ளூர் ரயிலுக்கு. வேளச்சேரியில் ஏறினால் கடற்கரை நிலையம் போய்ச் சேர ஏறக்குறைய முக்கால் மணி நேரம். வண்டி புறப்படும் இடத்திலேயே ஏறுவதால் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்துவிடும். பெருங்குடி வரும்வரை நேற்று எழுதிய கடைசிப் பத்தியை வாசிப்பேன், தரமணியில் பேனாவைத் திறப்பேன், திருவான்மியூரில் கூட்டம் ஏறும்போது நான் கதைக்குள் போயிருப்பேன். கோட்டூர்புரம் தாண்டி அடையாற்றின் மேல் வண்டி போகும்போது ஒருமுறை தலைநிமிர்ந்து ஆற்றைப் பார்ப்பது வழக்கம். கொஞ்ச காலம் எதிர் இருக்கையில் ஓர் அம்மா தினமும் பூ கட்டிக்கொண்டே வருவார், மயிலாப்பூரில் இறங்கிவிடுவார். நாங்கள் பேசிக்கொண்டது மிகக் குறைவு. அவர் கூடையைத் தூக்கினால் பாதி நேரம் போயிற்று என்று எனக்குத் தெரியும், அதற்கப்புறம் கை தானாக வேகமெடுக்கும்.

கோட்டை நிலையத்துக்கும் கடற்கரைக்கும் நடுவில் கிடைக்கும் சில நிமிடத்தில் புதிதாக எதையும் வளர்க்கமாட்டேன். நாளைக்கு எழுத வேண்டிய முதல் வாக்கியத்தை மட்டும் அடுத்த பக்கத்தின் தலையில் எழுதிவைத்து நோட்டை மூடிவிடுவேன். ஆறு வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்த பழக்கம் இது ஒன்றுதான். மறுநாள் நோட்டைத் திறந்தால் பக்கம் வெறுமையாக இருக்காது, ஒரு வாக்கியம் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கும்.

ரயிலில் மட்டும் ஏன் வருகிறது என்று நிறைய யோசித்திருக்கிறேன். நிலையம் வந்தால் இறங்கியே ஆக வேண்டும், அதனால் நல்ல வாக்கியம் வரட்டும் என்று காத்திருக்க மனசுக்குத் துணிச்சல் வருவதில்லை, வந்ததை எழுதிவிடுகிறது. தண்ணீர் லாரி நாளிலும் நடந்தது அதுதான். எந்த இடத்தில் ஏதோ ஒன்று வந்து என்னை எழுப்பிவிடப் போகிறது என்று தெரிகிறதோ அங்கே எனக்கு முதல் பிரதி வருகிறது. நாள் முழுக்க நேரம் கொடுத்தால் முதல் பத்தியையே ஏழெட்டு முறை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ரயில் நின்றபோது எழுத்தும் நின்றுபோனது. மொட்டை மாடியில் முயன்றேன், இரவு 10 மணிக்குமேல் முயன்றேன். இரவில் எழுதியதை எல்லாம் காலையில் வாசித்தால் களைப்புதான் தெரிந்தது, பாத்திரங்கள் எல்லாரும் என்னைப் போலவே அலுத்துக்கொண்டு பேசினார்கள். கடைசியில் விடிகாலை 4:45-க்குச் சமையலறையில் இருக்கும் சின்ன மேஜையில் உட்கார ஆரம்பித்தேன். பால் பாக்கெட் போடுகிறவர் 5:30 வாக்கில் வந்து கேட்டில் பையைத் தொங்கவிடுவார். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். அவருடைய சைக்கிள்தான் எனக்குக் கடற்கரை நிலையம்.

இதில் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. முதல் மாதம் காபி போட்டுக்கொண்டு உட்காருவேன். டிகாஷன் இறங்குவதற்குள் தொட்டியில் கிடக்கும் இரண்டு பாத்திரத்தைக் கழுவலாமே என்று கை போகும், அப்புறம் அரிசி களையலாமே என்று தோன்றும், 5:30 ஆகிவிடும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் அது சமையலறை ஆகிவிடுகிறது. அதனால் ராத்திரியே பிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி வைத்துவிடுவேன், காலையில் அடுப்புப் பக்கமே போவதில்லை. செல்போன் பீரோவுக்குள் இருக்கும். விளக்கும் மேஜைக்கு மேலே இருக்கிற ஒன்று மட்டும். ரயில் மறுபடி ஓட ஆரம்பித்த பிறகும் இந்த விடிகாலை வழக்கத்தை நான் விடவில்லை, வாரத்தில் மூன்று நாளாவது உட்காருகிறேன்.

2023 ஆகஸ்ட் கடைசியில் எழும்பூருக்கும் கடற்கரைக்கும் நடுவே நான்காவது பாதை போடும் வேலைக்காகப் பறக்கும் ரயிலைச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். மறுபடி கடற்கரை வரை ஓட 2024 அக்டோபர் கடைசி ஆகிவிட்டது. ரயிலில் எழுதும் நேரத்தில் எனக்குப் பத்துப் பதினைந்து நிமிடம்தான் போயிற்று, ஆனால் அட்டைக் குறிப்பைப் பார்த்தால் பக்கங்கள் பாதியாகக் குறைந்திருக்கின்றன. கடைசி நிமிடங்கள் போனதால் நாளைய வாக்கியம் போயிற்று, நாளைய வாக்கியம் இல்லாததால் மறுநாள் தொடங்கவே தாமதமாயிற்று. இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. பிறகு சிந்தாதிரிப்பேட்டை நடைமேடையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து அந்த ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டுத்தான் பேருந்துக்குப் போவேன். சரியாகிவிட்டது.

திருத்தும் வேலைக்கு ரயில் ஆகாது. திருத்துவதில் அவசரம் கெடுதல். அதற்கு நான் போவது கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. 2010 செப்டம்பர் 15 அன்று திறந்தது, எட்டு ஏக்கரில் ஒன்பது தளம். பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். கீழ்த்தளத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து படிக்கும் பிரிவு இருக்கிறது, என் அச்செடுத்த தாள்களோடு அங்கேதான் உட்காருவேன். சுற்றி எல்லாரும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். காலையில் வந்து வரிசையில் நின்று இடம் பிடிக்கிறார்கள், மதியம் வெளியே மர நிழலில் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வந்து உட்காருகிறார்கள். அவர்கள் நடுவில் உட்கார்ந்தால் செல்போனை எடுக்கவே மனசு வராது. ஒரு நாற்காலியை எத்தனை மணி நேரம் மதித்து உட்காரலாம் என்று அந்தப் பிள்ளைகளிடம்தான் கற்றுக்கொண்டேன். திருத்தி அலுத்துப்போனால் இரண்டாம் தளத்துக்கு ஏறித் தமிழ்ப் புத்தக அடுக்குகளுக்கு நடுவில் நடப்பேன். ஏதாவது ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் மட்டும் வாசித்துவிட்டு இறங்கினால் என் வாக்கியத்தில் எங்கே சதை தொங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியும்.

எழும்பூர் கன்னிமாரா பற்றியும் சொல்ல வேண்டும். 1896-இல் திறந்த நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் புத்தகங்களின் பிரதி வந்து சேரும் இடங்களில் ஒன்று. தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் புயல் அழித்ததை வைத்து ஒரு கதை எழுத நினைத்து, அந்தக் காலத்துத் தகவல்களைத் தேடி அங்கே நான்கு சனிக்கிழமை போனேன். அருமையான இடம், ஆனால் எழுதுவதற்கு அல்ல. தகவல் தேடத் தேட, கதை எழுதுகிற மாதிரியே ஒரு நிறைவு வந்துவிடுகிறது. நான்கு சனிக்கிழமையில் 30 பக்கம் குறிப்பு, கதை ஒரு வரி இல்லை. இப்போதெல்லாம் முதல் பிரதி முடிந்த பிறகுதான் தகவல் தேடப் போகிறேன், தெரியாத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போகிறேன்.

சரிப்படாத இடங்கள் நிறைய. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை எல்லாரும் சொன்னது. மாலையில் தனியாக ஒரு பெண் நோட்டோடு மணலில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து ஏதாவது கேட்கிறார், கேட்காவிட்டாலும் பார்க்கிறார், பாதிக் கவனம் பையிலும் பாதிக் கவனம் பின்னால் யார் வருகிறார்கள் என்பதிலும் போய்விடுகிறது. ஆண் நண்பர்கள் கடற்கரையில் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்லும்போது உண்மையில் எனக்கு வருத்தமாக இருக்கும். ஓர் இடம் எழுத ஏற்றதா என்று பார்க்கும்போது அங்கே என்னைத் தனியாக விடுவார்களா என்பதும் அந்த இடத்தின் தரம்தான். பெண்கள் பெட்டியும் நூலகமும் எனக்கு ஒத்துவந்ததற்கு இதுவும் காரணம். அப்புறம், ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம், பலரும் மேஜையை வாடகைக்கு எடுத்து வேலை செய்யும் ஒரு பொது அலுவலகத்தில் மாதச் சந்தா கட்டி மேஜை எடுத்துப் பார்த்தேன். குளிர்சாதனம், நல்ல நாற்காலி, கேட்டபோதெல்லாம் டீ. கட்டிய பணத்துக்கு எழுதியாக வேண்டுமே என்ற நினைப்பிலேயே இரண்டு மாதம் கழிந்தது, மொத்தம் ஆறு பக்கம். மூன்றாவது மாதம் விட்டுவிட்டேன்.

கருவிகள் பற்றிச் சுருக்கமாக. முதல் பிரதி எப்போதும் கையால்தான், நீள நோட்டு, ஒரு பக்கம் மட்டும் எழுதி எதிர்ப்பக்கத்தைத் திருத்தத்துக்கு விட்டுவிடுவேன். அதைக் கணினியில் ஏற்ற, முன்பெல்லாம் ஆங்கில எழுத்தை வைத்துத் தட்டச்சு செய்தேன். ‘அம்மா’ என்று எழுத மனசுக்குள் ஆங்கில எழுத்துக்கூட்டு ஓடும், அது வாக்கியத்தின் ஓசையைக் கலைத்துவிடும். 2021-இல் தமிழ்99-க்கு மாறினேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை, உயிர் இடது கையில், மெய் வலது கையில். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். முதல் மூன்று வாரம் மிகவும் கஷ்டம், அதற்கப்புறம் நினைப்பதும் தட்டுவதும் ஒரே மொழியில் நடக்கிற சுகம் வந்தது. எழுதுகிறவர்கள் அந்த மூன்று வாரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். குரலால் தட்டச்சு செய்வதை உரையாடலுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். மாடியில் நடந்துகொண்டே பாத்திரங்கள் பேசுவதைப் பேசிப் பார்ப்பேன். லகர ளகரமெல்லாம் மாறித்தான் விழும், ஆனாலும் வாயால் சொல்ல முடியாத வசனம் அங்கேயே அடிபட்டுப் போகும்.

ஒரு கதை முடிந்தால் அதை மாமியாருக்கு வாசித்துக் காட்டுவேன். அவர் பெரிய வாசகி இல்லை, காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். கத்தியின் சத்தம் நின்றால் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது. “ஏம்மா, அவ அம்மா வீட்டுக்கு ஒரு போன்கூடப் பண்ணலையா?” என்று ஒருமுறை கேட்டார். கதையில் அந்த ஓட்டை இருந்தது உண்மைதான், அதை அடைக்க இரண்டு வாரம் ஆனது.

எந்த வழக்கமும் உதவாத காலமும் ஒன்று இருந்தது. 2022-இல் அப்பா இறந்த பிறகு எட்டு மாதம் ஒரு வரி வரவில்லை. விடிகாலையில் எழுந்து உட்கார்ந்தேன், ரயிலில் நோட்டைத் திறந்தேன், ஒன்றும் இல்லை. கட்டாயப்படுத்தியதில் எழுத்தின் மேலேயே வெறுப்பு வந்ததுதான் மிச்சம். பிறகு எழுதுவதை விட்டுவிட்டு அதே நேரத்தில், அதே மேஜையில், அப்பா எனக்கு விடுதிக்கு எழுதிய கடிதங்களை நோட்டில் பிரதி எடுக்க ஆரம்பித்தேன். மொத்தம் 41 கடிதம். ஒரு நாளைக்கு ஒன்று. 26-ஆவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தபோது அதில் இல்லாத ஒரு வரியை எழுதியிருந்தேன், அங்கிருந்து ஒரு கதை தொடங்கியது.

இந்த வருடம் பையன் பத்தாம் வகுப்பு. அவனும் 4:45-க்கு எழுந்துவிடுகிறான், மேஜையின் மறுபக்கம் அவனுடையது. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. பிளாஸ்கை இப்போது பெரிதாக வாங்கியிருக்கிறேன். போன வாரம் பால் பை தொங்கும் சத்தம் கேட்டு நான் நோட்டை மூடப்போனேன், அவன் தலையைத் தூக்காமலேயே, “நாளைக்கு வரி எழுதலையா நீ?” என்றான். திரும்ப உட்கார்ந்து எழுதினேன்.