வேலூரில் வீடு பார்க்கிறீர்களா? முதலில் குழாயைத் திறந்து பாருங்கள்

காட்பாடியில் வேலை கிடைத்திருக்கிறது, குடும்பத்தோடு வேலூருக்கே வந்துவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கீசர் காயிலை மூன்றாவது முறையாக மாற்றிய வாரத்தில் கேட்டார். அதனால் இதில் கொஞ்சம் கடுகடுப்பு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

கோட்டை, சிஎம்சி மருத்துவமனை, விஐடி பல்கலைக்கழகம், ஸ்ரீபுரம் பொற்கோயில், வெயில் எல்லாம் ஊரறிந்த விஷயம். குடிவருகிறவருக்கு யாரும் சொல்லாதது தண்ணீர். இல்லை என்பதல்ல குறை, இரண்டு வகையாக இருக்கிறது என்பதுதான். மாநகராட்சிக் குழாயில் வருவது ‘நல்ல தண்ணி’. மேட்டூரிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகு ‘காவிரித் தண்ணி’ என்றும் சொல்கிறார்கள். போரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றில் வருவது ‘உப்புத் தண்ணி’. வீட்டுக்காரர் “இருபத்திநாலு மணி நேரமும் தண்ணி கீது சார்” என்றால் அது இரண்டாவது வகை. அவர் பொய் சொல்லவில்லை. எந்தத் தண்ணீர் என்று நீங்கள்தான் கேட்கவில்லை.

ஊருக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. அதன் வெடிப்புகளில் தேங்கிய நீரைத்தான் போர் உறிஞ்சுகிறது. எந்த வெடிப்பில் போய்த் தட்டியது என்பதைப் பொறுத்து ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு இரண்டு சுவை. ஆகவே ‘சத்துவாச்சாரி நல்ல தண்ணி, தொரப்பாடி உப்பு’ என்று பேட்டை பேட்டையாகச் சொல்லப்படும் ஜோசியத்தை நம்ப வேண்டாம். பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் நிலத்தடி நீரைக் கெடுத்த கதை தனி. 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ‘வேலூர் குடிமக்கள் நல மன்றம்’ வழக்கு இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடம். வழக்கு பாடமானது, தண்ணீர் அப்படியேதான்.

வீடு பார்க்கப் போகும்போது சட்டைப்பையில் ஒரு குளியல் சோப்புத் துண்டும், காலி தண்ணீர் பாட்டில் ஒன்றும் எடுத்துப் போங்கள். குளியலறைக் குழாயிலிருந்து பாட்டிலைப் பாதி நிரப்பி, சுண்டுவிரல் நகமளவு சோப்பைச் சீவிப் போட்டு, மூடி, பத்துக் குலுக்கு. நுரை எழும்பி நின்றால் பிழைத்தீர்கள். நுரையே இல்லாமல் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பி மிதந்தால் அது சுண்ணாம்பு மிகுந்த கடின நீர். ஷாம்பு, துணி சோப்பு, கை கழுவும் திரவம் இதற்கு ஆகாது. அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டவை. டிடிஎஸ் மீட்டர் காட்டும் எண்ணையும் முழுசாக நம்பக் கூடாது. அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துக் காட்டும். காயிலைத் தின்பது அதில் கால்சியமும் மக்னீசியமும் மட்டும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் (லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்) டிடிஎஸ் 500, கடினத்தன்மை 200 வரை இருக்கலாம். வேறு வழியே இல்லாவிட்டால் 2000, 600 வரை போகலாம். பத்து வருடமான வீட்டில் மீட்டரே வேண்டாம். ஷவர் தட்டைப் பாருங்கள். பாதி ஓட்டை அடைத்து, மீதி ஓட்டை ஆளுக்கொரு திசையில் பீய்ச்சினால் சோதனை முடிந்தது.

அடுத்து மாடிக்குப் போய் டேங்கை எண்ணுங்கள். இரண்டு டேங்க், இரண்டு லைன், சமையலறையில் இரண்டு குழாய் இருந்தால் வாடகை ஆயிரம் ரூபாய் கூடுதலானாலும் அந்த வீடுதான். ஒரே சம்ப்பில் (தரைக்குக் கீழே இருக்கும் தொட்டியில்) மாநகராட்சித் தண்ணீரையும் போர் தண்ணீரையும் கலந்துவிடும் வீடுகள் நிறைய. அங்கே நல்ல தண்ணி வருகிற நாளிலும் உங்களுக்கு உப்புதான். சில வீடுகளில் நல்ல தண்ணிக் குழாய் வாசலோடு நின்றுவிடும். இரண்டாம் மாடிக்குக் குடம் தூக்கப் போவது யார் என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிக்கு வரும் என்பது வார்டுக்கு வார்டு மாறும். கோடையில் இடைவெளி நீளும். இதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள், சரியான பதில் வரும்.

சமையலில் முதலில் மாட்டுவது துவரம் பருப்பு. போர் தண்ணீரில் வைத்தால் ஐந்து விசில் விட்டாலும் முழித்துக்கொண்டு கிடக்கும். தண்ணீரிலிருக்கும் சுண்ணாம்பு பருப்பை இறுக்கிவிடுகிறது. பருப்பு பழசு என்று மளிகைக்கடைக்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. ஊறவைப்பது, வேகவைப்பது இரண்டும் நல்ல தண்ணியில் நடக்க வேண்டும். கழுவ மட்டும் உப்புத் தண்ணி. டீக்கும் இதே கதை. காவிரித் தண்ணிக்கு ஆர்ஓ மெஷின் வீண் செலவு, வடிகட்டிக் காய்ச்சினால் போதும். போர் தண்ணீரைத்தான் குடித்தாக வேண்டுமென்றால் ஆர்ஓ போடுங்கள். அது வெளியே தள்ளும் கழிவு நீரை வாளியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றலாம், செடிக்கு வேண்டாம்.

இனி கீசர். தண்ணீர் சூடாகும்போது கரைந்திருந்த சுண்ணாம்பு பிரிந்து காயில் மேல் படிகிறது. பழைய காயிலைக் கழற்றிப் பார்த்தால் விரல் தடிமனுக்கு, மஞ்சள் கலந்த வெள்ளையில், தொட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். அந்தப் படிவைத் தாண்டி சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்க, காயிலின் உறை வெடிக்கும். தண்ணீர் உள்ளே போகும், ஸ்விட்சைப் போட்டதும் வீட்டு மெயின் விழும். அதற்குப் பல வாரம் முன்பே கீசர் சொல்லிவிடும்: பத்து நிமிடத்தில் காய்ந்தது இருபது நிமிடம் எடுக்கும், உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம் வரும். அப்போதே ஆளைக் கூப்பிட்டுவிட வேண்டும். கீசருக்கான எம்சிபி சுவிட்சை அணைத்து, தண்ணீரை வடித்து, அடி மூடியைக் கழற்றி, ஒரு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்துக் காயிலை ஒரு மணி நேரம் ஊறப்போட்டால் படிவு தானாகக் கழன்று வரும். கத்தியால் சுரண்டக் கூடாது. திறந்த கையோடு ரப்பர் கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள், பழசையே போட்டால் இரண்டாம் நாள் ஒழுகும். உள்ளே தொட்டி துருப்பிடிக்காமல் காக்கும் மக்னீசியம் கம்பி பென்சில் அளவுக்கு மெலிந்திருந்தால் அதுவும் புதுசு. வருடத்துக்கு ஒருமுறை, மார்கழிக்கு முன்னால், இதைச் செய்தால் போதும். தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். சூடு கூடக் கூடப் படிவும் கூடும். மே மாதத்தில் கீசரே தேவையில்லை. மத்தியானம் மாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடும்.

ஷவருக்கு வினிகர் ஊற்றிய பிளாஸ்டிக் பையைக் கட்டி ராத்திரி முழுக்க விட்டால் ஓட்டை திறந்துகொள்ளும். தெருவில் விற்கும் ஆசிட் பாட்டில் மட்டும் வேண்டாம். டைல்ஸ் பளிச்சென்று ஆகும், குழாயின் பளபளப்பும் டைல்ஸ் இடுக்கில் இருக்கும் சிமென்ட்டும் அதோடு போய்விடும்.

வெயிலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. மே மாதம் 40 டிகிரிக்கு மேல் போவது இங்கே செய்தியே அல்ல. சுற்றிலும் மொட்டைப் பாறை மலை. பகலில் வாங்கிய சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேலும் விட்டுக்கொண்டிருக்கும். மேல்மாடி வீடு வாடகை குறைவு என்று எடுத்தால் அந்த மிச்சம் கரண்ட் பில்லில் போகும். இரண்டு மாதக் கணக்கில் முதல் கொஞ்ச யூனிட் இலவசம் என்றாலும், 500-ஐத் தாண்டினால் ஸ்லாப் மாறிப் பில் குதிக்கும். தனி மீட்டர் இருக்கிறதா, வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று தானே கணக்குப் போடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே வறண்ட காற்றுக்கு ஏர் கூலர் நன்றாகவே வேலை செய்யும், ஜன்னலைத் திறந்து வைத்தால். ஆனால் அதிலும் நல்ல தண்ணி ஊற்றினால்தான். போர் தண்ணீர் ஊற்றினால் ஒரே சீசனில் பேட் உப்பேறி அப்பளமாக விறைத்துக்கொள்ளும். பார்த்தீர்களா, எங்கே சுற்றினாலும் தண்ணீரிலேயே வந்து நிற்கிறது.

போக்குவரத்தில் குறை சொன்னால் பாவம். காட்பாடி ஜங்ஷனில் சென்னை – பெங்களூரு ரயில்களில் பெரும்பாலானவை நிற்கின்றன. டிக்கெட் போடும்போது ‘வேலூர் கன்டோன்மென்ட்’ என்று தேடி ரயிலே இல்லை என்று பதறாதீர்கள், காட்பாடி என்று போடுங்கள். காட்பாடியிலிருந்து ஊருக்குள் வர ஆட்டோ பேரம் வேண்டாம். பாகாயம் போகும் 1, 2 நம்பர் டவுன் பஸ் சிஎம்சி வழியாகத்தான் போகும். காலை எட்டரையிலிருந்து பத்து வரை காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் ஏறாமல் இருக்க முடிந்தால் இருங்கள். வேலை காட்பாடியில் என்றால் காந்தி நகர், விருதம்பட்டு, கழிஞ்சூர் பக்கம் வீடு எடுத்தால் தினசரி பாலாற்றுப் பாலத்தையும் தாண்ட வேண்டாம். வெள்ளம் வரக்கூடிய, ஏரிக் கால்வாயை ஒட்டிய மனையில் கட்டிய வீடுகளை மட்டும் தள்ளிவிடுங்கள். ‘தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயில்’ என்று இந்த ஊரைப் பற்றிப் பழைய வசனம் உண்டு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரருக்கு 1981-இலேயே சாமி வந்துவிட்டார். 2021 நவம்பரில் ஆறும் கரை தொட்டு ஓடித் தன் பங்குக்குப் பழியைத் துடைத்துக்கொண்டது.

சிஎம்சியில் சிகிச்சைக்காக ஒரு மாதம், இரண்டு மாதம் தங்க வருகிறவர்கள் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் சமையல் வசதியோடு அறை கேட்கலாம். அடுப்பு, பாத்திரம் வாடகைக்கே கிடைக்கும். அறை பிடிப்பதற்கு முன் அப்பாயின்ட்மென்ட் சீட்டில் எந்த வளாகம் என்று பாருங்கள். 2022-இல் தொடங்கிய ராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலையில், ஊருக்கு வெளியே இருக்கிறது. குடியிருக்க வருகிறவர்களுக்குக் காந்தி ரோடு பக்கத் தெருக்கள் சரிப்படாது.

ஒன்றே ஒன்றுக்காக இந்த ஊரை மன்னிக்கலாம்: இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கியது. காம்பிலும் தொப்பியிலும் முள் கையைக் குத்த வேண்டும், காய் கனமாக இருக்க வேண்டும். நாலாகக் கீறி, நல்லெண்ணெயில் வதக்கி, புளியும் வேர்க்கடலைப் பொடியும் போட்டு இறக்கினால் வெண்ணெய் மாதிரி குழையும், தோல் மட்டும் உருவம் மாறாமல் நிற்கும். பிரியாணிக்கு இதைத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் வேறு ஊர் தயிர் வெங்காயத்தை மதிக்க மாட்டார்கள். இதையும் நல்ல தண்ணியில் சமைத்தால்தான் ருசி.

நண்பருக்கு என் பதில்: ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம், வந்துவிடுங்கள். வாடகைக்கு வாருங்கள். மனை வாங்கி போர் போடும் யோசனையை இரண்டு கோடை கழித்து வைத்துக்கொள்ளலாம். வீடு பார்க்க ஜனவரியில் வராதீர்கள். தைப் பனியில் எல்லா வீடும் குளுகுளு, எல்லா போரிலும் தண்ணீர். மே மாதம் மத்தியானம் இரண்டு மணிக்கு வந்து, மேல்மாடித் தரையில் செருப்பில்லாமல் ஒரு நிமிடம் நின்று, பிறகு குழாயைத் திறங்கள். சோப்பு மறக்க வேண்டாம். குளியல் சோப்பு, ஷாம்பு பாக்கெட் இல்லை.